பிக்கப் வண்டிக்குப் படி: ஏறுவதற்கா, நிற்பதற்கா?

சரக்கு ஏற்றும் வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. டிராக்டருக்கு 12 சதவீதமாக இருந்தது 5 ஆனது. வண்டி உதிரிபாகங்களும் துணைப்பொருள்களும் 18 சதவீதத்துக்கு வந்துவிட்டன. காய்கறி, முட்டை, மரவள்ளி, மஞ்சள் என்று எதை விளைவித்தாலும் சொந்தமாக ஒரு சிறிய சரக்கு வண்டி இருந்தால் நல்லது என்று கணக்குப் போடும் விவசாயிகளுக்கு இது ஒரு தூண்டுதல். பத்து விவசாயிகள் சேர்ந்து வாங்கலாமா என்று யோசிக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் உண்டு.

வண்டியின் விலை, மைலேஜ், கடன் தவணை ஆகியவற்றைப் பற்றி நீங்கள் நிறையவே விசாரித்திருப்பீர்கள். ஆனால் வண்டி கைக்கு வந்த முதல் வாரத்தில், பெரும்பாலும் யோசிக்காமலே ஒரு முடிவு எடுக்கப்படுகிறது. பட்டறைக்குப் போய், "இரண்டு பக்கமும் ஃபுட்போர்டு அடித்துக் கொடுங்கள்" என்று சொல்லிவிடுகிறோம். அது பைப்பா, தகடா, எவ்வளவு உயரத்தில், எதில் பிடித்து மாட்டுவது என்பதையெல்லாம் பட்டறைக்காரரே முடிவு செய்கிறார். வண்டிக்கு மேக்கப் போடும் வேலையாகவே இதை நினைக்கிறோம். உண்மையில் இது முழங்கால், முதுகு, உயிர், காப்பீடு, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றையும் தொடும் ஒரு முடிவு.

பயிரியல் படித்தவருக்கு வண்டிப் படியில் என்ன வேலை என்று கேட்கலாம். அறுவடை என்பது வயலில் முடிவதில்லை. விளைபொருள் சந்தைக்குப் போய் இறங்கும்வரை அது பண்ணை வேலைதான். ஏற்றி இறக்கும் வேலையில் ஓர் ஆள் ஒரு நாளில் வண்டியில் எத்தனை முறை ஏறி இறங்குகிறார் என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கை தெரிந்த பிறகு, படியை அலங்காரம் என்று சொல்ல மனம் வராது.

யார் ஏறுகிறார்கள், எங்கே ஏறுகிறார்கள்?

நம் பகுதியில் ஓடும் சிறிய சரக்கு வண்டிகளில் இரண்டு வகை உண்டு. 2005-ல் வந்த டாடா ஏஸ், அதாவது நாம் குட்டி யானை என்று சொல்லும் வகை, தாழ்வானது. அதில் ஓட்டுநர் ஏறப் பெரும்பாலும் தனிப் படி தேவைப்படுவதில்லை. மஹிந்திரா பொலிரோ பிக்கப், ஓசூரில் தயாராகி 2011-ல் சந்தைக்கு வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் போன்றவை சற்று உயரமானவை. படி பற்றிய கேள்வி இவற்றில்தான் வலுவாக எழுகிறது.

ஓட்டுநர் ஒரு நாளில் பத்து இருபது முறை ஏறி இறங்கலாம். அவருக்குப் பிடித்துக்கொள்ள ஸ்டீயரிங்கும் கதவும் இருக்கின்றன. சரக்குத் தளத்தில் ஏறுபவரின் நிலை வேறு. தளம் ஏறக்குறைய இடுப்பளவு உயரத்தில் இருக்கிறது. அவர் டயரின் மேல் கால் வைத்தோ, பின் கதவின் கொக்கியில் கால் வைத்தோ ஏறுகிறார். டயர் சேறாக இருந்தால் வழுக்கும். இறங்கும்போது பெரும்பாலோர் குதிக்கிறார்கள். ஒரு நாள் முழுக்க மூட்டை தூக்கிக் களைத்த கால், கல்லும் கட்டியுமான நிலத்தில் குதித்து இறங்குகிறது. கணுக்கால் பிசகுவதும், முழங்கால் தேய்வதும் இப்படித்தான்.

இதிலிருந்து முதல் முடிவு கிடைக்கிறது. பணம் செலவழிப்பதாக இருந்தால், ஓட்டுநர் கதவின் கீழே நீளமாகப் பளபளக்கும் படியைவிட, சரக்குத் தளத்தில் ஏற ஒரு சரியான படியும் கைப்பிடியும் அதிகப் பயன் தரும். நாம் செய்வதோ பெரும்பாலும் இதற்குத் தலைகீழாக இருக்கிறது.

வண்டியில் ஏறுபவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்பதையும் பாருங்கள். சின்ன வெங்காயம் அறுவடை, மஞ்சள் வேக வைத்துக் காயவைக்கும் வேலை, காய்கறி தரம் பிரித்தல் ஆகியவற்றில் பெண்களின் கைதான் அதிகம். சேலை கட்டியவருக்கு ஒரே எட்டில் 50, 60 சென்டிமீட்டர் ஏறுவது கடினம். வீட்டு மாடிப்படியின் ஒரு படி உயரம் 19 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் வரம்பு. வண்டியில் அந்த அளவைக் கொண்டுவர முடியாது என்றாலும், ஓர் எட்டு 35 சென்டிமீட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளலாம்.

வகைகளும் அவற்றின் குணமும்

சந்தையில் கிடைப்பவற்றை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது, உருண்டைப் பைப் படி. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கால் பதியும் பரப்பு குறைவு. ஈரச் செருப்போடு ஏறும்போது உருண்டைப் பைப்பில் கால் சறுக்கும். பைப்பின் மேல் ரப்பர் பட்டை ஒட்டியிருந்தாலும், சில மாத வெயிலில் அது உரிந்துவிடும். வயலுக்குப் போகும் வண்டிக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே நீளமாக ஓடும் தட்டைப் பலகை. கால் முழுதாகப் பதியும். ஆனால் எடை கூடும். சேறு தங்கும். எல்லாவற்றையும்விட, "இங்கே ஓர் ஆள் நிற்கலாம்" என்று அதுவே அழைப்பதுபோல் இருக்கும். இந்த ஆபத்தைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

மூன்றாவது, கதவுக்கு நேர் கீழே மட்டும் 35 முதல் 40 சென்டிமீட்டர் நீளத்தில் வரும் சிறிய படி. ஏற இது போதும். நின்று பயணிக்க இடம் தராது. வரப்பில் தட்டும் வாய்ப்பும் குறைவு.

நான்காவது, பின்புறம் மடக்கிவைக்கும் படி. நிற்கும்போது கீழே இறக்கி, ஓடும்போது மேலே மடக்கிக் கொக்கி போட வேண்டும். சரக்குத் தளத்தில் ஏற இதுவே சிறந்தது. ஆனால் மடக்கிய நிலையில் நம்பர் பிளேட்டையோ, பின் விளக்கையோ, பிரதிபலிப்புப் பட்டையையோ அது மறைக்கக் கூடாது.

கதவைத் திறந்தால் மோட்டாரில் தானாக இறங்கி வரும் படியும் விளம்பரங்களில் வருகிறது. களிமண்ணும் கோழி எருவும் படும் வண்டியில் அதன் மூட்டுகள் எத்தனை நாள் அசையும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

படி எந்த வகையானாலும் பிடிப்பதற்குக் கைப்பிடி இல்லாவிட்டால் அது அரைப் படிதான். ஏறும்போதும் இறங்கும்போதும் இரண்டு கால், ஒரு கை; அல்லது இரண்டு கை, ஒரு கால் என்று எப்போதும் மூன்று உறுப்புகள் வண்டியைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். டிராக்டர் பயிற்சியிலும் கனரக இயந்திரப் பயிற்சியிலும் சொல்லித்தரும் பழைய விதி இது. இறங்கும்போது வண்டிக்கு முதுகைக் காட்டாமல், முகத்தை வண்டிப் பக்கம் வைத்தே இறங்க வேண்டும். கையில் கூடையோடோ, முட்டை அட்டையோடோ ஏறக் கூடாது. பொருளைத் தளத்தில் வைத்துவிட்டு ஏறுங்கள். அல்லது மேலே ஒருவர் நின்று வாங்கிக்கொள்ளட்டும்.

வரப்பின் கணக்கு

படி எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு ஏற எளிது. எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் தட்டும். இந்த இரண்டுக்கும் நடுவே உங்கள் நிலத்துக்கு ஏற்ற அளவைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஓட்டுநர் அறையின் தரை நிலத்திலிருந்து 62 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். படியின் மேல்பரப்பை 34 சென்டிமீட்டரில் அமைத்தால், முதல் எட்டு 34, இரண்டாவது எட்டு 28. ஏற வசதியாக இருக்கும். படியின் தடிமனும் அதைத் தாங்கும் இரும்பும் சேர்ந்து 5 சென்டிமீட்டர் என்றால், படியின் அடிப்பாகம் 29 சென்டிமீட்டரில் இருக்கும். முழுச் சரக்கு ஏற்றியதும் பட்டை அமுங்கி வண்டி 5 சென்டிமீட்டர் இறங்கினால், மிஞ்சுவது 24. இப்போது 25 சென்டிமீட்டர் உயரமுள்ள வரப்பைக் குறுக்காகக் கடந்தால், முன் சக்கரம் தாண்டிய பிறகு படி வரப்பில் உட்கார்ந்துவிடும்.

"டிஃபரன்ஷியல் இதைவிடத் தாழ்வாகத்தானே இருக்கிறது, அது தட்டவில்லையே?" என்று கேட்பீர்கள். பின் சக்கரம் வரப்பில் ஏறும்போது டிஃபரன்ஷியலும் கூடவே ஏறிவிடுகிறது. படியோ இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே தொங்குகிறது. அங்கே அதைத் தூக்கிவிட எதுவும் இல்லை. ஆகவே படியின் உயரத்தைக் காலி வண்டியில் அளக்காதீர்கள். சரக்கு ஏற்றிய வண்டியை மட்டமான இடத்தில் நிறுத்தி அளந்து, நீங்கள் வழக்கமாகக் கடக்கும் வரப்பின் உயரத்தோடு ஒப்பிடுங்கள்.

நம் இரண்டு மாவட்டங்களிலும் இந்தக் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். பரமத்தி வேலூர், மோகனூர் பக்கம் காவிரிப் பாசனத்தில் வாழையும் வெற்றிலையும் கரும்பும் இருக்கும் இடங்களில் வாய்க்கால் கரைகள் உண்டு; மண் ஈரமாகவே இருக்கும். ஆத்தூர், கெங்கவல்லி, தலைவாசல் பக்கம் மரவள்ளியும் மக்காச்சோளமும் விளையும் மேட்டு நிலங்களில் வரப்பைவிடக் கல்லும் பள்ளமும்தான் பிரச்சினை. வண்டி தார்ச் சாலையை விட்டு இறங்குவதே இல்லை, பண்ணைக் கொட்டகைக்கும் சந்தைக்கும் மட்டுமே ஓடுகிறது என்றால் தாழ்வான படி வைக்கலாம். வயலுக்குள் இறங்கும் வண்டி என்றால் சிறிய படியோ மடக்குப் படியோதான் பொருந்தும்.

இரும்பா, எவர்சில்வரா?

வண்டியில் நீங்கள் எதை ஏற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்தே உலோகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மரவள்ளிக்குச் சாம்பல் சத்து அதிகம் தேவை. அதற்காக நாம் வாங்கும் மியூரேட் ஆஃப் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு. அதன் எடையில் ஏறக்குறைய பாதி குளோரைடு. அந்த மூட்டையிலிருந்து சிந்தும் தூள், பனி ஈரத்தோடு சேர்ந்தால் உப்புக் கரைசலாகி இரும்பை அரிக்கும். கோழி எருவிலிருந்து வரும் அம்மோனியாவும், யூரியாவும் தம் பங்குக்கு அரிக்கும். நாமக்கல் கோழிப் பண்ணைகளிலிருந்து எரு ஏற்றிவரும் வண்டியில் அடிப்பாகம் முதலில் துருப்பிடிப்பது இதனால்தான்.

சாதாரண இரும்புத் தகட்டில் செய்த படி மலிவு. எந்தப் பட்டறையிலும் சரிசெய்யலாம். துருத்தடுப்புப் பூச்சு இரண்டு கை அடித்து, அதன்மேல் பெயின்ட் அடித்து, ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி அடித்தால் போதும். எவர்சில்வர் என்று விற்கப்படுவதில் 304, 202 என இரண்டு தரங்கள் அதிகம் புழங்குகின்றன. 304-ல் குரோமியம் 18 சதவீதமும் நிக்கல் 8 சதவீதமும் இருக்கும். 202-ல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்திருப்பார்கள். அதனால் விலை குறைவு. உரத்தூள் படும் இடத்தில் துருப்புள்ளிகளும் சீக்கிரம் வரும். காந்தத்தை வைத்துப் பார்த்து "ஒட்டவில்லை, நல்ல எவர்சில்வர்தான்" என்று நம்ப வேண்டாம். இரண்டு தரங்களிலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. தரத்தைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். சேலம் உருக்காலை எவர்சில்வர் தகடு உருட்டும் ஊரில் இருந்துகொண்டு, இதைக் கேட்டு வாங்க நாம் தயங்க வேண்டியதில்லை.

அலுமினியம் எடை குறைவு. ஆனால் இரும்பு போல்ட்டால் இரும்பு சேஸிஸில் நேரடியாக மாட்டினால், இரண்டு உலோகங்கள் தொடும் இடத்தில் ஈரம் பட்டு அலுமினியம் அரிக்கும். நடுவே ரப்பர் வாஷர் வைக்க வேண்டும்.

கால் பதியும் மேல்பரப்பில் மொழுமொழு தகடு வேண்டாம். புடைப்புக் கோடுகள் உள்ள செக்கர் பிளேட் பரவாயில்லை. அதைவிட, ஓட்டைகள் விட்ட சல்லடைத் தகடு நல்லது. சேறு கீழே விழுந்துவிடும். எடையையும் பாருங்கள். 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 31 கிலோவுக்கு மேல் இருக்கும். ஒன்றரை மீட்டர் நீளம், 15 சென்டிமீட்டர் அகலமுள்ள படியின் தகடு மட்டும் 7 கிலோ. தாங்கும் இரும்பும் சேர்ந்து இரண்டு பக்கமும் 25 கிலோ வரை வந்துவிடலாம். அந்த எடை நாள்தோறும், சரக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், டீசலைக் குடித்துக்கொண்டே கூட வரும்.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

நாமக்கல், லாரிக்குப் பாடி கட்டுவதில் நாடறிந்த ஊர். திருச்செங்கோட்டின் போர்வெல் வண்டிகள் பல மாநிலங்களுக்குப் போகின்றன. கைதேர்ந்த வெல்டர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. ஆனால் கனரக லாரியில் செய்யும் பழக்கத்தைச் சிறிய வண்டியில் அப்படியே செய்யக் கூடாது.

சேஸிஸின் நீளச் சட்டத்தில் நேரடியாக வெல்டிங் வைக்க விடாதீர்கள். வெல்டிங் சூட்டில் அந்த இடத்தில் எஃகின் குணம் மாறுகிறது. நாள்படச் சுமையில் அங்கிருந்துதான் விரிசல் தொடங்கும். அந்தச் சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் புதிதாகத் துளை போடுவதும் தவறு; சுமையின் இழுவிசை அதிகம் விழும் இடம் அதுதான். தயாரிப்பாளர் ஏற்கெனவே விட்டிருக்கும் துளைகளில் போல்ட் போட்டு மாட்டும் படியையே கேளுங்கள்.

2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் மின்னணுக் கருவிகள் அதிகம். வண்டியில் எந்த இடத்தில் வெல்டிங் செய்தாலும் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். புகைக் குழாயில் உள்ள வடிகட்டி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும்போது மிகுந்த சூடாகும். படியின் இரும்பு அதை ஒட்டி இருந்தால், இடுக்கில் சிக்கும் சோளத்தட்டும் கடலைக்கொடியும் தீப்பிடிக்கலாம். டீசல் தொட்டி, பிரேக் குழாய், மின்கம்பி ஆகியவற்றையும் படி அழுத்தக் கூடாது. வேலை முடிந்ததும் வண்டிக்கு அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் பிரிவு 52, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாகப் பதிவுச் சான்றிதழ் விவரங்கள் வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே 2019-ல் திருத்தப்பட்ட சட்டத்தின் பிரிவு 182ஏ-யின்படி, அனுமதிக்கப்படாத முறையில் பாகங்களைப் பொருத்தி மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். முன்புறம் மாட்டும் இரும்புக் கம்பித் தடுப்புகளை 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இந்தப் பிரிவைக் காட்டித்தான் தடுத்தது. பாதசாரிக்கும் உள்ளே இருப்பவருக்கும் அவை ஆபத்து என்பது காரணம்.

பிரிவு 52, பாகங்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிடவில்லை. ஆகவே படி விஷயத்தில் பாதுகாப்பான வழி இதுதான்: உங்கள் மாடலுக்கென்று வண்டி நிறுவனமே தரும் படியை, பில்லில் எழுதி வாங்கி மாட்டுங்கள். பட்டறையில் செய்வதானால், வண்டியின் பக்க அகலத்துக்கு வெளியே துருத்தாமல், முனைகள் கூர்மையாக இல்லாமல், போல்ட்டைக் கழற்றினால் எடுத்துவிடக்கூடியதாக இருக்கட்டும். செய்வதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சரக்கு வண்டிக்கு முதல் எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். அன்றைக்கு வண்டியை நிறுத்திவைத்துப் படியை அறுத்தெடுப்பதைவிட, முன்பே கேட்பது நல்லது.

மாற்றமே செய்யாமல் பயன்பெறும் வழியும் ஒன்று உண்டு. மரத்திலோ இரும்பிலோ அகலக் கால் வைத்த ஒரு தனிப் படிக்கட்டு. இரண்டு படி போதும். ஏற்றும் இடத்தில் கீழே வைத்து ஏறிவிட்டு, கிளம்பும்போது வண்டியில் கட்டிக்கொள்ளலாம். இதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை. எந்த வரப்பிலும் தட்டாது.

படியில் நிற்கும் ஆள்

இனி, இந்தக் கட்டுரையின் முக்கியமான பகுதி. அதே சட்டத்தின் பிரிவு 123 இரண்டு வரியில் சொல்வது இதுதான்: வண்டி ஓட்டுபவர் யாரையும் பக்கப் படியிலோ, வண்டியின் உடற்பகுதிக்கு வெளியிலோ ஏற்றிச் செல்லக் கூடாது, யாரும் படியிலோ, கூரையிலோ, பானட்டிலோ பயணிக்கவும் கூடாது. அதாவது படி என்பது வண்டி நிற்கும்போது ஏற மட்டுமே. ஓடும்போது அதில் ஒரு கால்கூட இருக்கக் கூடாது.

நடப்பு என்ன என்று உங்களுக்கே தெரியும். காலை ஆறு மணிக்கு ஆள்களை ஏற்றிக்கொண்டு வயலுக்குப் போகும் பிக்கப் வண்டியில், தளம் நிறைந்த பிறகு இளைஞர்கள் இருவர் பக்கப் படியில் தொற்றிக்கொள்கிறார்கள். "அடுத்த ஊர்தானே" என்று ஓட்டுநரும் விட்டுவிடுகிறார். எதிரே வரும் பேருந்து, சாலையோரக் கம்பம், புளியமரக் கிளை என எது உரசினாலும் முதலில் அடிபடுவது படியில் நிற்பவர்தான். தளத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இருக்கை இல்லை. பிடிக்க எதுவும் இல்லை. வண்டி சாய்ந்தால் மொத்தமாகத் தூக்கி எறியப்படுவார்கள்.

அபராதம் சிறியது என்று நினைப்பவர்கள் அடுத்த இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒன்று, ஓட்டுநர் உரிமம். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவதை மத்திய மோட்டார் வாகன விதி 21, உரிமத்தைத் தகுதிநீக்கம் செய்யக்கூடிய செயல்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. 2015 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு, இதற்குக் குறைந்தது மூன்று மாதம் உரிமத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்று மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. அறுவடைக் காலத்தில் மூன்று மாதம் ஓட்டுநர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது, காப்பீடு. 1994-ல் திருத்தப்பட்ட பிரிவு 147-ன்படி, சரக்கு வண்டியில் சரக்கின் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ செல்லலாம். அவருக்குக் காப்பீடு உண்டு. மற்றபடி அதில் பயணிப்பவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று 2002 டிசம்பரில் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரக்கின் உரிமையாளரும் ஓட்டுநர் அறையில்தான் பயணிக்க வேண்டும் என்பது 2007-ல் வந்த இன்னொரு தீர்ப்பின் கருத்து. சில வழக்குகளில் பாதிக்கப்பட்டவருக்கு முதலில் காப்பீட்டு நிறுவனம் கொடுக்கட்டும் என்று நீதிமன்றம் சொல்வதுண்டு. அப்போதும் அந்தத் தொகையை வண்டி உரிமையாளரிடமிருந்து வசூலிக்கும் உரிமையை நிறுவனத்துக்குத் தருகிறது. இழப்பீடு லட்சங்களில் வரும். அதற்கு உரிமையாளரின் நிலமும் வீடும்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

உங்களிடம் சம்பளத்துக்கு வேலை செய்யும் சுமைப்பணியாளர்கள் வண்டியோடு வருவது வேறு விஷயம். ஓட்டுநர் அறையின் இருக்கை எண்ணிக்கைக்குள் அவர்கள் இருக்க வேண்டும். அவர்களுக்குத் தொழிலாளர் இழப்பீட்டுப் பொறுப்பைச் சேர்த்துக் கூடுதல் பிரீமியம் கட்டும் வசதி உண்டு. உங்கள் பாலிசியில் எத்தனை பேருக்கு அது கட்டப்பட்டிருக்கிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள். பலருடைய பாலிசியில் ஓட்டுநரோடு நின்றுவிடும்.

ஆள்களை எப்படிக் கொண்டுவருவது?

"சட்டம் பேசுவது எளிது, ஆள் கிடைப்பதே குதிரைக்கொம்பு. வண்டி அனுப்பாவிட்டால் யார் வருவார்கள்?" என்ற உங்கள் கேள்வி நியாயமானது. ஆள் பற்றாக்குறைதான் இந்தப் பழக்கத்தின் வேர். வண்டி அனுப்பும் விவசாயி கொடுமைக்காரர் அல்ல; ஏறி வரும் பெண்களும் ஆபத்து தெரியாதவர்கள் அல்ல. ஒரு நாள் கூலியை விடமுடியாமல் ஏறுகிறார்கள். அதனால், "ஏற்றாதே" என்று சொல்வதோடு நிறுத்த முடியாது.

செய்யக்கூடியவை சில உண்டு. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. வேலை தொடங்கும் நேரத்தை முதல் பேருந்தின் நேரத்தோடு பொருத்தினால், வழியின் பெரும்பகுதி பேருந்தில் முடிந்துவிடும். கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு ஆட்டோ போதும். 2025 ஜூனில் தொடங்கிய புதிய மினி பேருந்துத் திட்டத்தில் உங்கள் ஊர் வழித்தடம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேரவில்லை என்றால், கிராம சபையில் தீர்மானம் போட்டு மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கலாம். பக்கத்து நிலத்துக்காரர்கள் நாலைந்து பேர் அறுவடை நாள்களை வரிசைப்படுத்திக்கொண்டால், ஒரே வேன் வாடகையைப் பகிர்ந்துகொள்ள முடியும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வண்டி வாங்கும்போது, இரண்டாவது பிக்கப்புக்குப் பதிலாக ஆள்களை ஏற்ற உரிமமுள்ள ஒரு வேனை வாங்கினால் கணக்கு எப்படி வரும் என்று அடுத்த கூட்டத்தில் பேசிப் பார்க்கலாம்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். பூச்சிமருந்து தெளிக்கும்போது கையுறை போடச் சொல்கிறோம். டிராக்டரில் மட்கார்டு மேல் உட்காராதீர்கள் என்கிறோம். ஏற்றி இறக்கும் வேலையின் பாதுகாப்பு நம் பயிற்சிகளில் இடம்பெறுவது அரிது. அட்மா பயிற்சிகளிலும், சந்தியூர், நாமக்கல் வேளாண் அறிவியல் நிலையங்களின் அறுவடைக்குப் பிந்தைய பயிற்சிகளிலும் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்கலாம். ஒரு வண்டியை நிறுத்தி, எல்லோரையும் ஏறி இறங்கச் சொல்லி, டேப்பால் அளந்து காட்டினாலே போதும்.

எதை மாட்டுவது?

சுருக்கமாகச் சொன்னால், சேலம், நாமக்கல் சமவெளியில் வயலுக்கும் சந்தைக்கும் ஓடும் பிக்கப் வண்டிக்கு நீளமான பக்கப் பலகை தேவையில்லை. ஓட்டுநர் கதவின் கீழும் எதிர்க்கதவின் கீழும் ஒவ்வொரு சிறிய படி; ஓட்டைத் தகடு; போல்ட்டில் மாட்டியது; சரக்கு ஏற்றிய நிலையில் உங்கள் வரப்பைத் தாண்டும் உயரம். சரக்குத் தளத்துக்குப் பின்புறம் ஒரு மடக்குப் படி, அல்லது ஒரு தனிப் படிக்கட்டு. இரண்டு பக்கமும் உறுதியான கைப்பிடி. படியின் மேலே, "வண்டி ஓடும்போது நிற்கக் கூடாது" என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி.

ஏற்கெனவே நீளமான படி மாட்டியிருந்தால், உடனே அறுத்தெறிய வேண்டும் என்பதில்லை. போல்ட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா, சேஸிஸ் சட்டத்தில் வெல்டிங் இருந்தால் அதைச் சுற்றி விரிசல் இருக்கிறதா, நடுவில் துரு தின்றிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் எடையை அதன் நடுவில் வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால், அடுத்த லோடுக்கு முன் கழற்றிவிடுங்கள்.

தை, மாசியில் நாமகிரிப்பேட்டை, ராசிபுரம் பக்கம் மஞ்சள் வெட்டு சூடு பிடிக்கும். மரவள்ளிக் கிழங்கு லோடுகளும் சேகோ ஆலைகளை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு முன் ஒரு நாள் காலையில், டேப் ஒன்றை எடுத்துக்கொண்டு உங்கள் வண்டியைச் சுற்றி வாருங்கள். வரப்பின் உயரம், படியின் உயரம், தளத்தின் உயரம், பாலிசியில் உள்ள ஆள் எண்ணிக்கை என நான்கு எண்களை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு, அதன் பிறகு பட்டறைக்குப் போங்கள்.